இரண்டாவது மதிப்பீட்டாளர்

சிங்காநல்லூர்,
11.02.2024

அன்புள்ள சைத்ரா,

நலமாக இருக்கிறாயா? ஹைதராபாத்தில் வெயில் ஆரம்பித்திருக்கும். உன்னைப் போனில் கூப்பிடலாம் என்று இரண்டு நாளாக எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பேசினால் பாதியைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். அதனால் ஆய்வு மாணவிகளாக ஒரே அறையில் இருந்த காலத்தில், விடுமுறைக்கு ஊருக்குப் போனால் எழுதிக்கொள்வோமே, அந்தப் பழக்கத்துக்கே திரும்பிவிட்டேன். கையெழுத்து புரியாவிட்டால் பொறுத்துக்கொள்.

மத்திய அரசு ஆய்வு மன்றத்தின் தனிநபர் ஆய்வு நல்கைக்கு, அதுதான் அந்த ஃபெலோஷிப்புக்கு, மறுபடியும் அறிவிப்பு வந்திருக்கிறது. நாடு முழுவதற்கும் சமூக அறிவியல், வரலாறு, இலக்கியம் எல்லாம் சேர்த்து நாற்பது பேர். இரண்டு வருடம் வேறு வேலை பார்க்காமல் நம் ஆய்வை மட்டும் செய்யலாம். இரண்டு முறை போட்டுத் தோற்றேன், உனக்குத் தெரியும். இது மூன்றாவது, கடைசி. விண்ணப்பிக்கிற நாளில் நாற்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது. எனக்கு டிசம்பரில் முடிகிறது.

கல்லூரியில் பதிமூன்று வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். அதில் 'கௌரவம்' என்ற சொல் யார் வைத்ததோ. ஒவ்வொரு ஜூனிலும் வேலை உண்டா என்று முதல்வர் அறை வாசலில் நிற்கிறோம்.

தலைப்பு அதேதான். இங்கே பஞ்சு மில்கள் மூடியபோது முதலில் வெளியே அனுப்பப்பட்ட பெண்கள். தொழிற்சங்க மலர்களில் இருக்கும் புகைப்படங்களையெல்லாம் பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட அவர்கள் இல்லை. நூல் சுற்றுகிற ரீலிங், வைண்டிங் பிரிவுகளில் நின்றவர்கள் பதினொரு பேரை இதுவரை கண்டுபிடித்திருக்கிறேன். என் அம்மா பாவாத்தாளோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர்கள் பாதிப் பேர். அம்மா போய்விட்டாள். மற்றவர்களுக்கும் அறுபத்தைந்துக்கு மேல் ஆகிறது.

அதில் பழனியாத்தாள் என்றொருவர். போன மாதம் நான்கு மணி நேரம் பேசினார், பதிவு செய்தேன். மில் மூடிய பிறகும் அவருடைய வீட்டுக்காரர் தினமும் ஷிப்ட் நேரத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்க் குளக்கரையில் உட்கார்ந்திருப்பாராம். இந்தம்மாளுக்கு இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. ஆறு மாதம் ஒன்றும் தெரியாத மாதிரி தூக்குப்போசியில் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறார். அவர் கிளம்பிய பிறகு இவர் கழிவுப்பஞ்சுக் குடோனுக்கு வேலைக்குப் போய், அவர் திரும்புவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து பஞ்சுத் தூசு போகக் குளித்துவிடுவார். "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா அவரு ஊட்டுல தங்கமாட்டாருங்க கண்ணு" என்றார். பெற்ற மகளிடம்கூட இதைச் சொன்னதில்லையாம்.

விண்ணப்பத்தை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரக்கம் பார்க்காமல் படித்துக் குறித்து அனுப்பு. என் வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வனும் உன்னை விசாரித்தார்.

உன்,
கயலு

*

ஹைதராபாத்,
25.02.2024

என் அம்மணிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே உட்கார்ந்து படித்தேன். எத்தனை வருடம் ஆயிற்று. எழுத ஒரு விண்ணப்பம் வர வேண்டியிருக்கிறது உனக்கு. அதுதான் குறை.

இரண்டு முறை படித்தேன். விஷயம் அருமை. அதை நீ சொல்கிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் மன்னிப்புக் கேட்பதுபோல எழுதியிருக்கிறாய். 'சிறிய முயற்சி', 'இயன்ற அளவில்'. அதையெல்லாம் அடித்துவிட்டேன். முதல் பக்கத்தை நானே மாற்றி எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மதிப்பீடு செய்கிறவர்கள் ஆறேழு விண்ணப்பத்தை ஒரே நாளில் படிப்பார்கள். முதல் பத்தியில் பிடிக்காவிட்டால் அப்புறம் பிடிக்காது. 'ஏன் இப்போது' என்ற கேள்விக்கு நீ கடைசியில் பதில் சொல்லியிருந்தாய், அதை மேலே கொண்டுவந்தேன்.

இந்த முறை கிடைக்கும். என் மனசு சொல்கிறது. எனக்கும் இந்த வருடம் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் வருகிறது. ஒருவருக்கொருவர் வேண்டிக்கொள்வோம்.

அம்மாவைப் பார்க்கக் கோயமுத்தூர் வந்தால் உன் வீட்டில்தான் சாப்பாடு.

அன்புடன்,
சைத்ரா

*

சிங்காநல்லூர்,
07.07.2024

அன்புள்ள சைத்ரா,

நீ திருத்தியபடியே அனுப்பினேன். முதல் சல்லடையில் தேறியதாகவும், பெயரை நீக்கி இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பியிருப்பதாகவும் மின்னஞ்சல் வந்தது. அதற்கு மேல் செய்தி இல்லை.

ஜூனில் கல்லூரியில் என்னைக் கூப்பிடவில்லை. போய்க் கேட்டேன். மாணவர் சேர்க்கை குறைவு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று முதல்வர் மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பி வந்து காந்திபுரத்தில் எந்தப் பேருந்தில் ஏறுவது என்று தெரியாமல் நெடுநேரம் நின்றிருக்கிறேன். பதிமூன்று வருடம் ஏறி இறங்கிய இடம்.

இப்போது பெருந்துறை சிப்காட்டில் ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் வருகைப் பதிவு பார்க்கிறேன். தினமும் விடிந்ததும் பஸ். அந்த வேலைக்கான படிவத்தில் எம்.ஏ. என்று மட்டும்தான் எழுதினேன். முனைவர் என்று எழுதினால் எடுக்கமாட்டார்கள் என்று தமிழ்ச்செல்வன் சொன்னார், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்தப் பதினொரு பேரிடமும் நல்கையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? அரசாங்கமே நம்ம கதையைக் கேட்கப் போகுது என்று அவர்களுக்குள் பேச்சு. ஒருவர் தன்னுடைய பழைய மில் அடையாள அட்டையைத் தேடி எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். பழனியாத்தாள் பார்க்கிற போதெல்லாம் "லெட்டர் வந்துதுங்களா கண்ணு?" என்று கேட்கிறார்.

வராவிட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கப் போனால் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. உனக்கு யாரையாவது தெரியுமா? சிபாரிசுக்குக் கேட்கவில்லை. எப்போது முடிவு வரும் என்று மட்டும்.

உன்,
கயலு

*

ஹைதராபாத்,
02.08.2024

அம்மணி,

கல்லூரிச் செய்தி கேட்டு மனசு சரியில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

முடிவு அக்டோபர், நவம்பரில் வரும் என்கிறார்கள். அதுவரை விண்ணப்பத்தைப் பற்றி எனக்கு எழுதாதே. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பேசப் பேசப் பதற்றம்தான் கூடும்.

நேர்காணல் முடிந்தது. பேராசிரியர் ஆகிவிட்டேன். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

சைத்ரா

*

சிங்காநல்லூர்,
24.11.2024

அன்புள்ள சைத்ரா,

பேராசிரியருக்கு வாழ்த்துச் சொல்லி எழுதிய கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும்.

எனக்குக் கிடைக்கவில்லை.

மதிப்பீட்டாளர்களின் குறிப்பையும் இணைத்து அனுப்பியிருந்தார்கள். முதலாமவர் ஐம்பதுக்கு நாற்பத்து நான்கு. அவர் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன், அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார். இரண்டாமவர் முப்பத்தொன்று. இரண்டும் சேர்ந்து எண்பது வந்திருந்தால் போதும்.

இரண்டாமவர் எழுதியிருப்பது இது: 'விண்ணப்பதாரர் தாம் ஆராயும் சமூகத்துக்கு மிக அருகில் நிற்கிறார். ஆய்வுக்குத் தேவையான விலகல் இல்லை. சேகரிக்கப்படும் நினைவுகள் தனிப்பட்டவை. பொதுவான முக்கியத்துவம் ஐயத்துக்குரியது.'

பஸ்ஸில் வைத்துப் போனில் படித்தேன். என் நிறுத்தத்தில் இறங்க மறந்து, அடுத்த ஊரில் இறங்கி நடந்தேன். மில் வேலைக்கு வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் காட்டு வேலைக்குப் போனவர்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்தது ஆய்வுக்குத் தடை என்றால், சைத்ரா, நான் எங்கே போய்ப் பிறந்துவிட்டு வந்து விண்ணப்பிக்க?

அந்தப் பெண்களிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பழனியாத்தாள் வீட்டுக்குப் போனேன். வேறு நான்கு பேரும் இருந்தார்கள். பக்குவமாகத்தான் சொன்னேன். அவர், மூன்று தடவையும் வேண்டாம் என்றா சொன்னார்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப நாங்க பட்ட பாட்டுல ஒண்ணுமில்லைன்னுதானுங்க அர்த்தம்."

அப்படி இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. தன்னுடைய பதிவை அழித்துவிடச் சொன்னார். "படிச்சவங்க பாத்து வேண்டாம்னு சொன்னதை நீ எதுக்கு வெச்சுட்டிருக்கோணும்? செத்துப்போனவரு மானத்தை வெளிய எடுத்துப்போட்டதுதான் மிச்சம். அழிச்சுப்போடு கண்ணு. எங் கண்ணு முன்னாடி அழிச்சுப்போடு."

பேசியவர் திரும்பக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பது நாம் படித்த பாடம்தானே. அவருக்கு எதிரிலேயே ரெக்கார்டரிலும், பிறகு லேப்டாப்பிலும் அழித்தேன். நான்கு மணி நேரப் பேச்சு. ஒரு பொத்தான். வேறு இரண்டு பேரும் தங்களுடையதை அழிக்கச் சொன்னார்கள்.

உனக்கு எழுதிய அந்தக் குளக்கரை விஷயத்தை நீயும் மறந்துவிடு. யாரிடமும் சொல்லாதே. நானும் எங்கும் எழுதமாட்டேன்.

கம்பெனிக்குப் போகிறேன், வருகிறேன். என்னை யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் அடித்துவிடுவேன் போலிருக்கிறது. தமிழ்ச்செல்வன் என் புத்தகங்களைத் துடைத்துத் துடைத்து அடுக்குகிறார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அந்த இரண்டாமவர் யாராக இருக்கும்? ஆணா, பெண்ணா? ஒரே ஒருமுறை அவரைப் பார்த்து, என்ன தவறு செய்தேன் என்று கேட்க வேண்டும். கோபத்துக்கு இல்லை. தெரிந்துகொண்டால் தூக்கம் வரும்.

கயலு

*

ஹைதராபாத்,
15.12.2024

கயலு,

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தேன். பழனியாத்தாளின் பதிவை அழித்தேன் என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு கடிதத்திலாவது பொய் இருக்கக் கூடாது.

இரண்டாமவர் நான்.

ஜூலையில் மன்றத்திலிருந்து ஆறு விண்ணப்பங்கள் வந்தன. மூன்றாவதைத் திறந்தால் முதல் பத்தி நான் எழுதியது. உன் பெயர் இல்லை, ஆனால் நீதான். விண்ணப்பதாரரைத் தெரியுமா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. தெரியும் என்று குறித்துத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பினால் யாரோ ஒரு புரியாதவர் கைக்குப் போய்விடும், என்னிடம் இருந்தால் உன்னைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்து, தெரியாது என்று குறித்தேன். நாற்பத்தாறு போட்டேன். அனுப்பவில்லை, மறுநாள் அனுப்பலாம் என்று வைத்தேன்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது, எங்கள் துறையில் இருக்கும் வம்சி ஒரு கதை சொன்னார். வேறொரு குழுவில் யாரோ தன் மாணவிக்கு மார்க்கை அள்ளிப் போட்டு மாட்டிக்கொண்டாராம். பதவி உயர்வு போய்விட்டதாம். எனக்கு நேர்காணலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எனக்கு வந்த ஆறில் உனக்கு மட்டும் நாற்பத்தாறு. நாளைக்கு யாராவது தோண்டினால், உன் ஆய்வேட்டு நன்றியுரையில் என் பெயர், என் நன்றியுரையில் உன் பெயர். அறைக்குப் போய்க் குறைத்தேன். கொஞ்சம் குறைத்தாலும் உனக்குக் கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறைக்கக் குறைக்கப் பாதுகாப்பாக இருந்தது, முப்பத்தொன்றில் நிறுத்தினேன்.

மதிப்பெண்ணைக் குறைத்தால் காரணம் எழுத வேண்டும். உன் விண்ணப்பத்தில் காரணம் இல்லை. அதனால் யாரும் திருப்பிக் கேட்காத ஒரு காரணத்தை எடுத்தேன். நான் என் அப்பாவின் தோட்டத்தையும் சொந்தக்காரர்களையும் பற்றித்தான் முனைவர் பட்டம் வாங்கினேன். என்னிடம் ஒருவரும் விலகல் எங்கே என்று கேட்டதில்லை. அது தெரிந்தேதான் உனக்கு எழுதினேன்.

என்ன கேட்டாலும் செய்கிறேன்.

சைத்ரா

*

சிங்காநல்லூர்,
29.12.2024

சைத்ரா,

கடிதம் கிடைத்தது. தமிழ்ச்செல்வனிடம் காட்டவில்லை. அவர் உன்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர்.

உன் கடிதத்தை மன்றத்துக்கு அனுப்பினால் போதும் என்று தெரியும். அதை நான் செய்யமாட்டேன். நீயே எழுது. எனக்குச் சொன்னதை அவர்களுக்குச் சொல். மறு மதிப்பீடு செய்யச் சொல். எனக்கு இந்த மாதம் ஒன்பதாம் தேதி நாற்பத்தைந்து முடிந்துவிட்டது. இந்த விண்ணப்பத்தைவிட்டால் எனக்கு வேறு கதவு இல்லை.

கயல்விழி

*

ஹைதராபாத்,
09.02.2025

கயலு,

ஜனவரி ஆறாம் தேதியே எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது, நகல் வைத்திருக்கிறேன். என்னை மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். இந்த ஆண்டுத் தேர்வு முடிந்து ஆணைகள் போய்விட்டபடியால் மாற்ற இயலாதாம். விண்ணப்பதாரர் 'தகுதி வரம்புக்கு உட்பட்டு' அடுத்த முறை விண்ணப்பிக்கலாமாம். உன் வயதைக் குறிப்பிட்டு விலக்குக் கேட்டிருந்தேன். அதற்கு விதியில் இடம் இல்லை என்று ஒரு வரி.

பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் தெரிவிக்கவில்லை. அதாவது எனக்கு எதுவும் ஆகவில்லை. எழுதும்போது என் வேலையே போகட்டும் என்றுதான் எழுதினேன், நம்பு.

இரண்டு வருடத்துக்கு உன் ஆய்வுக்கு ஆவதை நான் தருகிறேன். மறுக்காதே.

சைத்ரா

*

சிங்காநல்லூர்,
16.02.2025

சைத்ரா,

நகலைப் படித்தேன். நீ எழுதியதை நம்புகிறேன். உன் பணம் வேண்டாம்.

எனக்கு வேறொன்று வேண்டும். அந்தப் பெண்கள் தங்கள் வாழ்க்கையில் ஒன்றுமில்லை என்று படித்தவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்னால் ஆறுதல் என்று நினைப்பார்கள். எழுதியவள் வந்து, அது பயத்தில் எழுதியது, உங்களைப் பற்றியது இல்லை என்று சொன்னால்தான் நம்புவார்கள். மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, பழனியாத்தாள் வீடு. பதினொரு பேரையும் வரச் சொல்கிறேன். நான் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் உனக்காக நிற்பேன். யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு வந்தவர்களைத் திட்டத் தெரியாது.

கயல்விழி

*

ஹைதராபாத்,
21.02.2025

கயலு,

வாரேன். டிக்கெட் போட்டுவிட்டேன்.

சைத்ரா

*

சிங்காநல்லூர்,
03.03.2025

சைத்ரா,

நேற்று ஒன்பதரையிலிருந்து ஒரு மணிவரை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். உன் போன் அணைந்திருந்தது. பிறகு உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். நீ சனிக்கிழமையே கோயமுத்தூர் வந்துவிட்டதாகவும், தலைவலி என்று படுத்திருப்பதாகவும் சொன்னார். எழுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பதினொரு பேரும் வந்திருந்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தார்கள் சிலர். உன் பெயரைச் சொல்லாமல் நானே சொன்னேன். என் தோழி ஒருவர் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து மார்க்கைக் குறைத்துவிட்டார், உங்கள் வாழ்க்கையில் குறை இருந்ததால் அல்ல என்று. அதில் ஒருத்தர், அந்தப் புள்ளையும் வேலைக்குப் பயந்துதான செஞ்சிருக்குது என்றார். அவர்களுக்கு அது சுலபமாகப் புரிந்தது. எனக்கு இன்னும் புரியவில்லை.

நான்கு பேர் பதிவுக்குப் பேசலாம் என்றார்கள். மூன்று பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். பழனியாத்தாளைத் தவிர மற்றவர்கள் மாட்டேன் என்று நேராகச் சொல்லாமல், பேத்திக்குப் பரீட்சை, முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. நல்கை இல்லாமல் ஞாயிறு ஞாயிறாக எத்தனை வருடம் ஆகும் என்று தெரியவில்லை. இந்த நான்கு பேருக்கும் அத்தனை வருடம் இருக்குமா என்றும் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு பழனியாத்தாளிடம் நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஆனா நான் ஒருக்கா சொல்லிட்டேன் கண்ணு. ரெண்டாம் வாட்டி சொன்னா அது வேற மாதிரி ஆயிரும்." பிறகு, வெயிலில் நின்றிருக்கிறாய் என்று சோறு போட்டார். உனக்காக ஆக்கியதும் சேர்ந்து நிறைய இருந்தது. தமிழ்ச்செல்வனுக்கும் கொடுத்துவிட்டார்.

மன்றத்துக்கு நீ எழுதியதை நான் குறைத்து நினைக்கவில்லை. அது கஷ்டமான காரியம்தான். பழனியாத்தாள் வீட்டுக்கு உன் அம்மா வீட்டிலிருந்து ஒரே பஸ். அதில் ஏறுவது மன்றத்துக்கு எழுதியதைவிடக் கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். உன் கடிதம் வந்தால் என்னால் படிக்காமல் இருக்க முடியாது. அதனால்தான் கேட்கிறேன்.

கயல்விழி